சித்திரை வெயிலில் ஒரு நீலச் சுவெற்றர்

அலுமாரியைத் திறந்தால் மச்சாளின் நீலக் கம்பளிச் சுவெற்றர்தான் முதலில் கண்ணில் படும். அவருடைய தம்பி கனடாவிலிருந்து அனுப்பியது. தார் உருகும் சித்திரை வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டுதான் கிணற்றடியில் பாத்திரம் கழுவுவார். அண்ணையின் மனைவி அவர். யாழ்ப்பாணத்தில் சுவெற்றர் போடுகிறவளுக்கு ஊர் வேறென்ன காரணம் சொல்லும்? "கனடாச் சாமான் எண்டு காட்ட வேணுமாம். எடுப்பைப் பார்!"

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மச்சாளின் உடம்பு ஊதியது, குரல் தடித்தது. இருந்த இடத்திலேயே தூங்கிவிழுவார். சிரிப்பும் நின்றுபோயிற்று. "பஞ்சி பிடிச்ச சோம்பேறி உடம்பு. சோத்தைக் குறை பிள்ளை," என்பார் அம்மா. குறைக்க என்ன இருந்தது? எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையடிச் சோறும் சம்பலும்தான் அவருக்கு. என் கதை வேறு. நான் வருவதற்கு முன்பே என் வயிறு வந்து சேர்ந்துவிடும். எனக்கோ, "பெடியன் இளைச்சுப்போனான்" என்று மூன்றாம் முறையும் சோறு விழும். அந்த இளைப்பில்தான் எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்தது.

கிளினிக்குக்குப் போகிற வழியில் நான் பொரித்த ரோல்ஸ் விற்கும் கடைக்குள் நழுவாதிருக்க மச்சாளைக் காவலுக்கு அனுப்பினார்கள். டொக்டர் என்னை விட்டுவிட்டு அவரைப் பார்த்தார்.

"அம்மா, உங்களுக்குக் குளிருதோ?"

"ஓம் டொக்டர். கனகாலமாக் குளிருது. சொன்னா ஒருத்தரும் நம்பமாட்டினம்." சொல்லிவிட்டு அழத் தொடங்கினார்.

இரத்தம் சோதித்தார்கள். கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி சோர்ந்துவிட்டதாம். அதன் ஹோர்மோன் குறைந்தால் உடம்பு குளிரும், வீங்கும், மனமும் இருண்டுபோகும் என்றார் டொக்டர். முடிவை வாங்கித் திரும்பும் பஸ்ஸில் மச்சாள் மெதுவாகக் கேட்டார்:

"அப்ப எனக்குப் பஞ்சி இல்லைத்தானே, தம்பி?"

"இல்லை மச்சாள். எங்கடை வீட்டிலை பஞ்சி பிடிச்ச ஆள் நான்தான். போட்டிக்கு வராதேங்கோ."

சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை வருடம்!

டொக்டர் தந்த குளிசையை விழுங்கத் தொடங்கிக் கொஞ்சம் தெளிந்தும் வந்தார். ஆனால் அத்தனை வருடமாகக் களைத்துப்போன இதயம் பொறுக்கவில்லை. ஒரு விடியற்காலை அவர் எழும்பவேயில்லை.

போன கிழமை, நல்ல மத்தியான வெயிலில், அந்தச் சுவெற்றரைப் போட்டுப் பார்த்தேன். வயிற்றோடு நின்றுவிட்டது. இழுபறிப்பட்டதில் தலையிலிருந்து கழுத்து வழியே வேர்வை ஓடியது. வாசலில் அம்மா. ஏசப்போகிறார் என்று நினைத்தேன். என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்கு ஒருநாளும் வேர்த்து நான் காணேல்லையடா," என்றார்.