மாமியின் அடுப்பு

என்னைப் பெற்ற ஐயாவுக்கு வாய் நீளம். அன்றைக்கும் அதுதான் காரியத்தைக் கெடுத்தது.

நீர்வேலியில் எங்கள் வீட்டுக்கு ஐயாவின் தங்கை, என் மாமி, கைக்குழந்தையோடு வந்து ஒரு மாதம் இருக்கும். பலாலிப் பக்கத்தில் சண்டையில் அவர்களுடைய வீட்டின் மேல் செல் குண்டு விழுந்து மாமா செத்துப்போனார். அந்த அதிர்ச்சியில் மாமிக்குப் பால் வற்றிவிட்டது. எங்கள் பசுவோ சினையில் நின்றது. ஆட்டுப்பால் கொடுத்தால் குழந்தைக்கு வயிற்றாலடித்தது. கடைகளில் பால்மாவைக் கண்ணாலும் காண முடியாது. கஞ்சித் தண்ணீரை வடித்துப் பருக்கினோம். குழந்தை அழவும் தெம்பில்லாமல் முனகிக்கொண்டு கிடந்தது. விடிந்ததும் அதன் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருக்கும்.

அப்போதுதான் வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் வந்தாள். இடம்பெயர்ந்த குழந்தைகளுக்குப் பால்மா கொடுக்கிறார்களாம். மொழிபெயர்க்க ஒரு இளைஞனும் கூட வந்திருந்தான்.

"உங்கடை தங்கச்சி வேறை சமைக்கிறாவோ, ஐயா?" என்று அவன் கேட்டான்.

எங்கள் ஊரில் கூடப்பிறந்தவர்கள் வேறாகச் சமைக்கிறார்கள் என்றால் சண்டை பிடித்துப் பிரிந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஐயாவுக்குச் சுருக்கென்றது.

"என்ன தம்பி கதைக்கிறீர்? என்ரை தங்கச்சியை வேறை சமைக்க விடுவனே? எங்கடை வீட்டிலை எண்டைக்கும் ஒரே உலைதான்!"

வெள்ளைக்காரி நெகிழ்ந்துபோனாள். உங்கள் சமூகத்தின் பலமே இந்தக் குடும்பங்கள்தான் என்று கைகூப்பினாள். இளைஞன் தலையைக் குனிந்துகொண்டான்.

"சொந்தக்காரர் வைச்சுப் பாக்கிற ஆக்களுக்குப் பால்மா இல்லை, ஐயா. தனிய அடுப்பு மூட்டுறவைக்குத்தான்."

பாராட்டைக் கரைத்துப் போத்தலில் ஊற்றவா முடியும்? எனக்கு அவள் மேலும் ஆத்திரம், ஐயா மேலும் ஆத்திரம்.

அவர்கள் வாசல் படலையைத் தாண்டுவதற்குள் அம்மா ஓடிப்போய் மறித்தார். "தம்பி, அவர் மானத்துக்குச் சொன்ன பொய் அது. அவ வேறைதான் சமைக்கிறா. வந்து பாருங்கோ."

கொல்லையில் மாமி அதற்குள் மூன்று கல்லை வைத்து ஓலையைக் கொளுத்திவிட்டார். சட்டியில் வெறுந்தண்ணீர். வெள்ளைக்காரி அதையும் பார்த்தாள், ஐயாவையும் பார்த்தாள். இளைஞன் மெல்லச் சொன்னான்: "உங்கடை வாயாலை கேக்க வேணுமாம், ஐயா."

மாமியின் தோளில் குழந்தை முனகியது.

"அவ வேறை," என்றார் ஐயா. பிறகு குரலை உயர்த்தி, "அவவுக்கும் எங்களுக்கும் ஒரு தொடர்பும் இல்லை!" என்றார். அவ்வளவு தூரம் போகத் தேவையிருக்கவில்லை.

இரண்டு பேணி பால்மா கிடைத்தது. அடுத்த மாதமும் வந்து பார்ப்பார்களாம். குழந்தை ஒரே மூச்சில் போத்தலைக் காலியாக்கியது. பொழுதுபட அம்மா சோறு போட்டதும் ஐயா கொல்லைக்குப் போனார்.

"தங்கச்சி, வா, சாப்பிட."

மாமி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பிள்ளை குடிக்குது, அண்ணை. அவை திரும்பி வருவினம். நீங்கள் சொன்னது சொன்னதாவே இருக்கட்டும்."