அண்ணனுக்குப் போட்ட பழைய சோறு

எங்கள் அண்ணன் கண்மூடி இன்றோடு ஓராண்டு. அவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதும்படி பெரியவர்கள் சொன்னார்கள். எழுத உட்கார்ந்தால் வயிறுதான் எரிகிறது. உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது வள்ளியூர்ப் பக்கம். அப்பா காலமானதும், அறுபதுகளின் தொடக்கத்தில், எங்களையெல்லாம் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் வந்தார். பழவங்காடியில் ஒரு சாப்பாட்டு ஹோட்டலில் சப்ளையராகச் சேர்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் தங்கைகளைக் கட்டிக்கொடுத்ததும் அந்த வேலைதான். தம்ளரை மோந்து பார்க்காமல் யாருக்கும் தண்ணீர் வைக்க மாட்டார்.

அந்த அக்கறைக்குக் காரணம் அன்றிருந்த மேனேஜர். கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவை விட்டு எழுந்து வந்து, வேலையாட்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து, வந்தவர்களுக்குப் போட்ட அதே சோற்றைச் சாப்பிடுவார். குழம்பில் உப்பு கூடினால் சரக்கு மாஸ்டரை அங்கேயே கேட்பார். நன்றாக இருந்தால் அதையும் சொல்வார். அவர் காலத்தில் எவரும் வேலைக்குக் கள்ளம் செய்ததில்லை.

பிறகு முதலாளியின் மைத்துனர் மேனேஜராக வந்தார். அவருக்கு வீட்டிலிருந்து கேரியர் வரும். வேலையாட்களுக்கோ முந்தின நாள் மிஞ்சிய சோறு. வாடை அடிக்கும், நூல் விடும். சீ! எழுதும்போதே குமட்டுகிறது. அண்ணன் எல்லோருக்குமாகப் போய்க் கேட்டார். "விக்கதுக்கு வச்ச சோத்தத் திங்கவாவே இங்க வந்தீரு?" என்று நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

அதோடு ஹோட்டலும் நாறத் தொடங்கியது. மேசை துடைத்த துணியாலேயே தம்ளரையும் துடைத்தார்கள். இவன்களுக்கு அக்கறையே இல்லை என்று மேனேஜர் முதலாளியிடம் புலம்பினாராம். அக்கறை எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

ஒரு நாள் அண்ணன் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டார்.

"சாம்பார்ல ஈ கெடந்துது, தம்பி. பாத்துக்கிட்டேதான் ஊத்துனேன். எனக்கு ஒண்ணுமே தோணல, கேட்டியா."

தோன்றவில்லை என்பதுதான் அவரை உலுக்கிவிட்டது. மறுநாள் போகவில்லை. சாலைக் கடைத்தெருவில் ஒரு அரிசிக் கடையில் சேர்ந்தார். சம்பளம் குறைவு. ஆனால் கல் கிடந்த அரிசியைக் கட்டிக் கொடுக்க மனமில்லாமல் தாமே உட்கார்ந்து புடைப்பாராம். அண்ணன் இறந்த அன்று கடைக்கார அண்ணாச்சி இதைச் சொல்லிச் சொல்லி அழுதார்.

நெஞ்சு நோயோடு கிடந்தபோது கஞ்சி கொண்டுவந்த அந்த அண்ணாச்சிக்கும், முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்ட நர்ஸம்மாமாருக்கும், பாடை சுமந்த பழைய ஹோட்டல் தோழர்களுக்கும், தடியூன்றி வந்து நின்ற பழைய மேனேஜருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

முதலாளியின் மைத்துனரான அந்த மேனேஜருக்கும் நன்றி போடுவதுதான் மரியாதை என்கிறார் மாமா. பதினாறாம் நாள் சாப்பாட்டுக்கு அவரும் வந்திருந்தாரே என்கிறார். வந்திருந்தார். இலை போட்டதும் என்னை அருகில் அழைத்து மெல்லக் கேட்டார்:

"தம்பி, சோறு இப்பம் வடிச்சதுதானே?"

ஆமாம் என்று சொல்லிச் சுடச்சுடப் போட்டேன். அண்ணன் வீட்டில் வேறு விதமாகப் போட முடியாது. நன்றி மட்டும் எழுத மாட்டேன்.