எத்தனை வாய்

அப்பா வாசல்படியில் இருந்தார். அம்மை அடுப்படியில். அக்கா மரச்சீனிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தம்பி தொட்டிலில். நான் தொட்டில் கயிற்றைப் பிடித்து ஆட்டிக்கொண்டு. முற்றத்தில் மாமன், அம்மையின் தம்பி. அவரோடு குடை பிடித்த ஒருவர். பிறகு, அந்தப் பிள்ளை.

அவளுக்கு நாலு வயது இருக்கும். பாறசாலைச் சந்தையில், காய்ச்சலில் செத்துப்போன ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். எந்த ஊர், என்ன பேர், யாருக்கும் தெரியவில்லை. கிழங்கு விற்கப் போன அம்மை, காலிக் கடவப்பெட்டியைத் தலையிலும் அவளை இடுப்பிலுமாகக் கொண்டு வந்தாள்.

மழைக்காலம் முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. கூரை ஓலையின் பொத்தலில் வெயில் விழும். அடுப்புப் புகை அதற்குள் ஏறிப்போகும். அதைக் கையால் பிடித்துப் பிடித்துப் பார்ப்பாள். நானும் கூடப் பிடிப்பேன். இரண்டு பேர் கையிலும் ஒன்றும் இருக்காது. சிரிப்போம். சத்தம் என்னுடையது மட்டும்தான்.

அப்பா அவளை அனுப்பிவிட நினைத்திருந்தார். “இருக்கியவங்களுக்கே கஞ்சி காணாது” என்பார். சனிக்கிழமை கன்னியாஸ்திரீ மடத்தில் கொண்டுபோய் விடுவதாக இருந்தது. அம்மை மறுத்துப் பேசமாட்டாள். கஞ்சியை முதலில் அவளுக்கு ஊற்றுவாள்.

அது எல்லைப் போராட்டக் காலம். ஊர் மலையாளச் சீமையை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கொடி பிடித்தவர் அப்பா. மாமனும்தான். மாமனும் குடைக்காரரும் வீடு வீடாகப் போய்த் தமிழ் பேசும் வாய்களை எண்ணி வந்தார்கள்.

“அத்தான், இஞ்ச எத்தன வாய்?”

“அஞ்சு.”

“அப்ப இது?”

“அது வாயே திறக்கல்லியே, அளியா. எந்தக் கணக்கில சேக்க?”

குடைக்காரர் சிரித்தார். “தின்னியதுக்குத் திறக்குமில்லியா?”

அம்மை அகப்பையோடு வந்து நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

மாமன் குனிந்து பிள்ளையைத் தூக்கினார். “எனக்க கூட வாறியா மக்கா? மடத்தில கொண்டு விடுதேன். அத்தானுக்கு ஒரு நட மிச்சம்.” விளையாட்டாகத்தான் சொன்னார். நடக்கவும் தொடங்கிவிட்டார்.

“அம்மே!”

பிள்ளையின் குரல். தம்பி விழித்துக்கொண்டான். அம்மை அகப்பையை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. பிள்ளை அவள் தோளில் இருந்தாள்.

குடைக்காரர்தான் முதலில் பேசினார். “அது மலையாளம் ஆக்கும்.”

“எலே, எனக்க வீட்டிலயும் அம்மேன்னுதான் விளிக்கியது” என்றார் மாமன். “அப்ப நான் ஆரு?”

“உனக்க காரியத்தில எனக்கு முன்னமே சந்தேகம் உண்டு.”

இரண்டு பேரும் அங்கேயே தர்க்கம் பிடித்தார்கள். அப்பா காது கொடுக்கவில்லை. அம்மையின் தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளையின் விரல்கள் அங்கே சேலையைப் பிடித்திருந்தன. புகையைப் பிடிக்கிற பிடி இல்லை அது.

கடைசியில் மாமன் திரும்பினார். “என்ன பாஷையோ. அத்தானே சொல்லுங்க. எத்தன வாய்?”

மறுபடி மழை தூறியது. அப்பா எழுந்து மடித்துக் கட்டின வேட்டியை அவிழ்த்துவிட்டார். பிறகு சொன்னார். மாமன் கேட்டதற்குத்தான் பதில் என்று நான் நினைத்தேன். அதைக் கேட்டு அம்மை ஏன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள் என்பது விளங்கவில்லை.

ஆறு.