திருமங்கலத்தில் இறங்கியவர்

யுத்த காலத்தில் பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்ஸில் மதுரையிலிருந்து கல்லுப்பட்டிக்குப் போனபோது என் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பழம்பாடல்களுக்கு உரை எழுதிய பண்டிதராம். இப்போது குழந்தைப் பத்திரிகை ஆசிரியராம். கால் ஆடிக்கொண்டே இருந்தது. எதிர் சீட்டுச் சிறுமிக்குத் தான் எழுதிய நரிக் கதையை வாசித்தார். அவள் வெளியே ஓடிய ஆட்டுக்குட்டியைப் பார்க்கத் திரும்பியதும், அப்போது வாசித்த வரியைப் பென்சிலால் அடித்தார்.

“நல்ல வரிதானே, அய்யா?” என்றேன், பொறுக்காமல்.

“ஆட்டுக்குட்டிகிட்ட தோத்துருச்சே, தம்பி.”

திருமங்கலத்தில் சிறுமியை அவள் அம்மா இறக்கினாள். “பெறகு நரி என்ன செஞ்சுச்சு?” என்று கேட்டுக்கொண்டே போனாள் சிறுமி. கல்லுப்பட்டிக்கு டிக்கெட் வாங்கியிருந்த மனிதர், தாள்களோடு குதித்து அவள் பின்னால் ஓடினார்.

பஸ் கிளம்பிவிட்டது. கதை என்றாலே எரிச்சல்படுகிறவன் நான். ஜன்னலில் தலையை நீட்டி, “அய்யா, நரி என்னாச்சு?” என்று கத்தினேன்.

அவர் திரும்பவே இல்லை.