காகத்துக்கு வைத்த சோறு

எங்கள் தெருவில் மரத்தைக் காப்பாற்றக் கையெழுத்து வாங்கப் போனவன் நான். மழையில் நனைந்து, நாய்களிடம் குரைப்பு வாங்கி, வீடு வீடாகக் கதவு தட்டினேன். அந்த மரம் போனதற்கு யார் காரணம் என்று ஒரு பட்டியல் எழுதினால் அதிலும் என் பெயர்தான் முதலில் வரும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப் போவதில்லை.

கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சந்து. சந்தின் முடிவில் கூரை ஒழுகும் பழைய கராஜ்கள், அவற்றுக்கு அப்பால் ஒரு துண்டு நிலம், அதில் ஒரு ஓக் மரம். நான் பஸ் ஓட்டுகிறவன். விடியற்காலை ஷிப்டுக்கு அந்தச் சந்து வழியாகத்தான் போவேன். பதினெட்டு வருடம் அப்படிப் போயும் அங்கே மரம் ஒன்று இருக்கிறது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

அதைத் தெரிய வைத்தவர் சந்தின் மறுபக்கத்தில் இருந்த மலேசிய அக்கா. இளவயதில் நர்ஸ் வேலைக்கு வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லை. கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் சமைக்கிற குசினியின் யன்னல் நேரே அந்த மரத்தைப் பார்க்கும். மரத்தின் நடுவில் பெரிய பொந்து, பொந்துக்குள் ஒரு சோடி ஆந்தை. பொழுதுபடும் நேரம் புருசனும் பெண்சாதியுமாகத் தேத்தண்ணீர்க் கோப்பையோடு அந்த யன்னலில் நின்று ஆந்தை வெளியே வருவதைப் பார்ப்பார்களாம். அவர் போன பிறகு அக்கா தனியாக நின்று பார்த்தார். அந்த வீட்டில் அவருக்கு மிச்சமிருந்த துணை அதுதான் என்று ஒருமுறை அவரே சொன்னார்.

ஒரு செப்டெம்பரில் நிலத்துக்காரர் கராஜ்களை இடித்து மாடி வீடு கட்டப் போகிறார் என்று கடிதம் வந்தது. மரமும் போகும். அக்கா எங்கள் நாலைந்து வீட்டாரைக் கூட்டி ஒரு குழு அமைத்தார். கவுன்சிலில் இருந்து மரங்களுக்குப் பொறுப்பான அதிகாரி வந்து பார்த்தார். நடுமரம் உளுத்திருக்கிறது, பாதுகாப்பு ஆணை போடலாமா என்று முடிவெடுக்கக் கோடை வரை ஆகும் என்றார். அதற்கு முன் நிலத்துக்காரர் வெட்டினால் தடுக்க வழியில்லை. கட்ட அனுமதி கிடைக்க அவருக்கும் மார்ச் ஆகும் என்பதால் ஒரே ஒரு வழி இருந்தது. பறவை முட்டையோடு இருக்கும் கூட்டைக் கலைப்பது இந்த நாட்டில் குற்றம். மார்ச்சில் ஆந்தை அடைகாக்கத் தொடங்கினால் குஞ்சு பறக்க ஜூன் ஆகும். அதுவரை யாரும் மரத்தில் கை வைக்க முடியாது. ஆகவே எல்லாம் அந்தச் சோடி ஆந்தையைப் பொறுத்திருந்தது.

தமிழ் வீடுகளில் கையெழுத்து வாங்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. என் மனைவி கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"ஆந்தைக்கு ஆர் கையெழுத்து வைக்கப் போகினம்? அது கத்தினால் வீட்டில சாவு விழும் எண்டு பயப்பிடுற சனம். மரம் எண்டு மட்டும் சொல்லுங்கோ."

அப்படியே செய்தேன். ஆந்தை என்ற சொல்லை நான் வாயில் எடுக்கவே இல்லை. ஒருவர் மட்டும், "பொழுதுபட்டால் ஏதோ ஒண்டு கத்துதே, அதை மட்டும் துரத்திவிட்டால் நல்லம்" என்றார். "ஓம் ஓம்" என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்தேன். அதிகமான கையெழுத்து வாங்கித் தந்தது, சந்தின் முனையில் கோழி பொரித்து விற்கும் கடைக்காரர். வவுனியாப் பக்கத்து ஆள். படிவத்தைத் தன் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்து, வருகிற பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய் தகப்பனையெல்லாம் பிடித்துப் போட வைத்தார்.

இனி சோற்றுக் கதை. அந்த வருடம் எங்கள் மகனுக்கு வேலை போய், முப்பது வயதில் திரும்பி எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். ஏழரைச் சனி என்று சாதகம் பார்த்தவர் சொன்னார். மனைவி சனிக்கிழமை விரதம் தொடங்கினாள். எள்ளுக் கலந்த சோற்றைக் காகத்துக்கு வைப்பாள். காகம் வந்து கொத்திய பிறகுதான் அவள் வாயில் பச்சைத் தண்ணீர் படும். எங்கள் தோட்டத்துக்குப் புறா வந்தது, அணில் வந்தது, பக்கத்து வீட்டுப் பூனையும் வந்தது. காகம் மட்டும் வரவில்லை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணி ஆகியும் அவள் பட்டினி கிடந்து தலைசுற்றி விழப் பார்த்தாள்.

காகங்கள் எல்லாம் அந்த ஓக் மரத்தில்தான் இருந்தன. நான் சோற்றை ஓர் அலுமினியத் தட்டில் போட்டு மரத்தடிக்குக் கொண்டுபோனேன். தட்டை வைத்து இரண்டடி பின்னால் வருவதற்குள் மூன்று காகங்கள் இறங்கின. உடனே போன் எடுத்து, "வந்திட்டுது, நீ சாப்பிடு" என்றேன். பெரிய கெட்டித்தனம் செய்துவிட்டதாக எனக்கு நினைப்பு. கையெழுத்து வாங்கப் போன வீடுகளிலும் இதைப் பெருமையாகச் சொன்னேன். லண்டனில் காகம் பிடிப்பது எங்கள் சனத்துக்குச் சின்னப் பிரச்சினை இல்லை. அடுத்த அடுத்த கிழமைகளில் மரத்தடியில் தட்டுகள் கூடின. புரட்டாசி முடிந்தும் குறையவில்லை. அமாவாசை, திவசம் என்று நடுக்கிழமையிலும் சோறு கிடந்தது.

மார்கழிக்குள் எலி வந்துவிட்டது. கராஜ் வைத்திருந்தவர்கள் கார் வயரை எலி கடித்துவிட்டது என்று கத்தினார்கள். அக்கா முதலில் சந்தோசப்பட்டார். "எலி இருந்தா நல்லதுதான் தம்பி. ஆந்தைக்குச் சாப்பாடு. இந்த வருஷம் சீக்கிரமே முட்டை போடும் பாருங்க" என்றார். ஆனால் எலித் தொல்லையைக் காட்டி நிலத்துக்காரர் காரியத்தை முடித்துவிடுவார் என்று குழுவில் பயம் வந்தது. எலிக்குக் காரணம் யார் என்று பேச்சு வந்ததும் எல்லாரும் ஒரே குரலில் கோழிக்கடையைச் சொன்னார்கள். எலும்பும் எண்ணெயும் கொட்டுகிற இடம் வேறு எது? அக்கா கவுன்சிலுக்குக் கடிதம் எழுதினார். குழுவில் எல்லாரும் கையெழுத்து வைத்தோம். நானும் வைத்தேன்.

கவுன்சிலில் இருந்து வந்து கடையைச் சோதித்தார்கள். செய்தி தெருவில் பரவியது. சனம் அந்தக் கடைப் பக்கம் போவது குறைந்தது. ஒருநாள் ஷிப்ட் முடிந்து வரும்போது கடைக்காரர் என்னை வாசலில் மறித்தார்.

"அண்ணை, அந்தக் கடிதத்தில உங்கட கையெழுத்தும் இருக்காம். என்ர குப்பைத் தொட்டியை வந்து பாருங்கோ, எப்பவும் மூடித்தான் கிடக்கு. வந்து பார்த்தவையும் ஒண்டும் பிடிக்கேல்லை. நீங்கள் தமிழ் ஆக்களிட்ட ஒரு வார்த்தை சொன்னால் காணும்."

"பாப்பம்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். சோற்றைக் காலையில் வைத்துவிட்டுப் போய், மத்தியானம் திரும்பும்போது மரத்தடியைப் பார்த்தேன். பட்டப்பகலில் நாலைந்து எலிகள் என் தட்டில் இருந்து சோறு தின்றுகொண்டிருந்தன. என்னைக் கண்டும் ஓடவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"நாங்கள் காகத்துக்குத்தானே வைக்கிறம்? எலி திண்டால் அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? பிள்ளைக்கு இப்பதான் ரெண்டு இன்டர்வியூ வந்திருக்கு. இப்ப நிப்பாட்டச் சொல்லாதேங்கோ."

அதற்குப் பிறகு தட்டைத் தரையில் வைக்காமல் கராஜ் கூரை ஓரத்தில் வைத்தேன். காகம் கொத்துகிற கொத்தில் பாதிச் சோறு கீழேதான் விழும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அதே மாதம் கராஜ் சுவரோரமாகக் கறுப்புப் பெட்டிகள் வந்தன. நிலத்துக்காரர் ஆள் வைத்து எலி மருந்து போட்டிருந்தார். அதைக் கண்டபோது, உண்மையைச் சொன்னால், எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது. எலி செத்துப் போகும், பேச்சும் செத்துப் போகும் என்று நினைத்தேன். மருந்து தின்ற எலியை எது தின்னும் என்று யோசிக்கிற அளவுக்கு என் மூளை வேலை செய்யவில்லை.

மார்ச் பிறந்ததும் அக்கா போன் எடுத்தார். குரலில் அப்படி ஒரு சந்தோசத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. "உக்காந்துருச்சு தம்பி! நாலு நாளா பொம்பளை வெளிய வரல. ஆம்பளைதான் எலி கொண்டு வந்து குடுக்குது." படம் எடுத்து, நேரம் எழுதி, கவுன்சிலுக்கு அனுப்பினார். நிலத்துக்காரருக்கும் எச்சரிக்கை போனது. நாங்கள் வென்றுவிட்டோம் என்று குழுவில் கேக் வெட்டினோம். கோழிக்கடைக்காரரை யாரும் கூப்பிடவில்லை.

சரியாகப் பதினொரு நாள் கழித்து ஒரு பின்னேரம் அக்கா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். குசினி மேசையில், முகம் துடைக்கிற துவாய் ஒன்றில் ஆந்தை கிடந்தது. அடைகாத்த பெண் ஆந்தை. மரத்தடியில் கிடந்ததாம். நான் ஆந்தையை அவ்வளவு கிட்டத்தில் பார்த்ததே இல்லை. கையில் எடுத்தால் பாரமே இல்லை, முழுவதும் இறகுதான். மூக்கோரத்தில் கொஞ்சம் ரத்தம். அக்கா அழவில்லை. எத்தனையோ பிரேதம் பார்த்த கையால் அதைத் துடைத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஃப்ரீசரில் முருங்கைக்காய்ப் பொட்டலங்களுக்கு மேல் வைத்தார். பிறகு பரிசோதனைக்கு அனுப்பினார். ஆண் ஆந்தை ஒரு கிழமை பொழுதுபடும் நேரங்களில் கத்திக்கொண்டு திரிந்தது. பிறகு அதுவும் இல்லை.

நிலத்துக்காரரின் ஆட்கள் ஏணி வைத்து ஏறிப் பொந்துக்குள் பார்த்தார்கள். குளிர்ந்துபோன மூன்று முட்டைகள். பறவை இல்லாத கூட்டுக்குச் சட்டமும் இல்லை. ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டு மணிக்குத் தொடங்கி மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் வெட்டி முடித்துவிட்டார்கள். அக்கா வேலிக்குப் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு உட்கார்ந்து கடைசி வரை பார்த்தார். நான் பஸ்ஸில் இருந்தேன். லீவு எடுத்திருக்கலாம், எடுக்கவில்லை.

பரிசோதனை முடிவு மே மாதம் வந்தது. எலி மருந்து. அக்கா அதைக் குழுவுக்கு வாசித்தபோது ஒருவர், "அந்தக் கோழிக்கடைக்காரனால் வந்த வினை" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு இருந்தேன். அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று மனைவி கோயிலில் நேர்த்தியைத் தீர்த்தாள். எனக்கு அந்த வேலையைப் பற்றிக் கேட்கவே பிடிக்கவில்லை.

இரண்டு கிழமை பொறுத்து, ஒரு ஞாயிறு காலை அக்கா வீட்டுக்குப் போனேன். அவர் தேத்தண்ணீர் போட்டார். யன்னலில் இப்போது கராஜ் கூரையும் வானமும்தான் தெரிந்தன. நான் கோப்பையைத் தொடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். சனிக்கிழமைச் சோறு, தட்டில் எலி கண்டது, கண்டும் நிறுத்தாதது, கடைக்காரர் மறித்துக் கேட்டது எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டினால் நல்லது என்றும் நினைத்தேன்.

அக்கா தன் கோப்பையை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"தெரியும் தம்பி. ஒவ்வொரு சனிக்கிழமையும் இங்கேருந்து உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"பிறகேன் அக்கா நீங்கள் சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்றது? அமாவாசைக்கு அமாவாசை எங்க வீட்டுக்காரருக்கு நானும் வச்சேன்லா. உங்க சோத்துக்குக் காக்கா பழகியிருந்துச்சு. நான் வச்ச உடனே வரும். அவரே வந்து சாப்பிட்ட மாதிரி இருக்கும்." கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எலி வந்தப்பவே எனக்குத் தெரியும். கடைன்னு எழுதினா யாரும் மரத்தடியில பாக்க மாட்டாங்கன்னுதான் எழுதினேன்."

எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. நானும் அதே கடிதத்தில் கையெழுத்து வைத்தவன்.

"கடைக்காரரிட்ட ஒருக்கால் போய்ச் சொல்லுவமா?" என்று கேட்டேன்.

"என்னன்னு போய்ச் சொல்றது தம்பி?"

இரண்டு பேரும் போகவில்லை. நாளைக்கு, அடுத்த கிழமை என்று தள்ளிக்கொண்டே வந்தோம். கோடை முடிவதற்குள் கடைக்காரர் கடையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு தென் லண்டனில் மிச்சம் என்கிற ஊர்ப் பக்கம் போய்விட்டார். அங்கே யாரோ ஒருவருடைய கடையில் சம்பளத்துக்கு நிற்கிறார் என்று கேள்வி. என் பஸ் அந்தப் பக்கம் போவதில்லை. போயிருந்தாலும் நான் இறங்கியிருக்க மாட்டேன்.