வீட்டுப் பேர்க் கட்டம்

நேற்று மத்தியானத்திலிருந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மகள் ஜெனி இராஜாக்கமங்கலம் ரோட்டில் ஸ்கூட்டியோடு விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் ஊசி போடும் முன் டாக்டர், "எந்த மருந்தாவது ஆகாதா?" என்று கேட்டார். மூன்று வயதில் இங்கேதான் ஏதோ ஊசி போட்டு அவள் முகம் வீங்கி, மூச்சு திணறியது நினைவிருந்தது. எந்த ஊசி? மண்டை காலி.

"அப்பா, இதுகூட ஞாபகமில்லியா?" என்று ஜெனி அழுதாள்.

புதுக் கம்ப்யூட்டரில் ஒன்றுமில்லை. நர்ஸ் மூலையில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் பெட்டியைத் தட்டினார். கறுப்புத் திரை, பச்சை எழுத்து.

"ஜெனின்னு முப்பது பேரு கெடக்கு. வீட்டுப் பேரு சொல்லுங்க சார்."

"புளியடிவிளை."

வரி வந்தது: புளியடிவிளை, பென்சிலின் ஆகாது.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். நர்ஸ் எனக்கும் ஒரு ஊசி தேவையோ என்று பார்த்தார். நம்புவீர்களா, அந்தத் திரை நான் எழுதியது!

அந்தக் காலத்தில் வடசேரிச் சந்தைக்கு எதிர்மாடியில் எங்கள் கம்பெனி. கம்பெனி என்றால் நானும் கூட்டாளி லீலாவும் ஒரு மின்விசிறியும். அழுகிய முட்டைக்கோஸ் வாசனை வந்தால் இன்றும் எனக்குப் புரோகிராம் எழுதக் கை துறுதுறுக்கும். இந்த ஆஸ்பத்திரிக்குச் செய்த புரோகிராமில் வீட்டுப் பேருக்கு ஒரு கட்டம் வைத்தோம். நம் ஊரில் அது இல்லாமல் ஆளைக் கண்டுபிடிக்க முடியுமா? நர்ஸுகளோ ஒவ்வொருவருக்கும் ஆகாத மருந்தையும் அதிலேயே எழுதிவைத்தார்கள். எனக்குக் கொதித்தது.

"வீட்டுப் பேருக்க பக்கத்துல மருந்தா? எல்லாத்தயும் தொடச்சிரப் போறேன்."

மரச்சீனிக்கிழங்கு தின்றுகொண்டிருந்த லீலா நிமிரவே இல்லை. "தொடச்சுப் பாரு, கைய ஒடிச்சிருவேன்."

"தப்பு ஏட்டி அது."

"தப்பாட்டே கெடக்கட்டும் மக்கா. அவங்க தேடுகது அங்கதான். புதுசு வேணும்னா பக்கத்துல சேரு, இருக்கத அசைக்காத."

அதன்பிறகு ஆறு முறை அந்தப் புரோகிராமை விரிவாக்கினோம். ஆறு முறையும் சண்டை, ஆறு முறையும் அவளுக்கே ஜெயம். பிரசவ வார்டு வந்தது, ஸ்கேன் வந்தது. அந்தக் கட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுக்கு நல்ல ரசனை கிடையாது என்று நான் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

லீலா கல்யாணமாகி மஸ்கட் போய்விட்டாள். மாடியில் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடை. பழைய பெட்டியை அடுத்த வாரம் எடுத்துவிடுவார்களாம். புதுத் திரை அழகுதான். பெயர், அப்பா பெயர், பின்கோடு. வீட்டுப் பேருக்குக் கட்டமே இல்லை. ஜெனியின் வரியை மட்டும் நர்ஸ் அதில் ஏற்றிவிட்டார். மற்ற இருபத்தொன்பது ஜெனிகளுக்கும் எது ஆகாது என்பதை இனி அவரவர் அப்பன்மார்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அப்பன்மாரின் நினைவு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும்.