இம்போர்ட்டை எங்கே அழுத்துவது

தொண்ணூறுகளின் கடைசியில், கோவில்பட்டியில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் நான் ஆங்கிலப் பேச்சு வகுப்பு நடத்தினேன். அஞ்சல் வழியில் எம்.ஏ. முடித்திருந்தேன். ஆங்கிலத்தை நிறைய வாசித்திருந்தேனே தவிர, யாரும் பேசி அதிகம் கேட்டதில்லை. ஆனாலும் விளம்பரப் பலகையில் 'உச்சரிப்புக்குத் தனிக் கவனம்' என்று எழுதச் சொன்னவன் நான்தான்.

உச்சரிப்புக்கு எனக்கிருந்த ஒரே துணை ஒரு பழைய அகராதி. அதில் அழுத்திச் சொல்ல வேண்டிய அசைக்குப் பின்னால் சின்னதாக ஒரு கோடு இருக்கும். அதை வைத்து, 'இம்போர்ட்' பெயர்ச்சொல்லானால் 'இம்'மை அழுத்த வேண்டும், வினைச்சொல்லானால் 'போர்ட்'டை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தேன். எல்லோரும் மேஜையைத் தட்டித் தட்டிப் பழகினார்கள்.

பிறகு ஆசைப்பட்டு, லண்டனில் அச்சான தடித்த அகராதி ஒன்றை வாங்கினேன். பிரித்ததும் 'இம்போர்ட்'டைத்தான் தேடிப் பார்த்தேன். வினைச்சொல்லில் கோடு 'இம்'முக்கு அடுத்தே நின்றது. அப்படியென்றால் 'இம்'மைத்தானே அழுத்த வேண்டும்? இத்தனை நாளும் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! மறுநாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள் என்று அறிவித்தேன்.

மாணவர்களில் மூத்தவர் ஒரு தீப்பெட்டிக் கம்பெனி முதலாளி. வடநாட்டு வியாபாரிகளிடம் பேசுவதற்காக வந்துகொண்டிருந்தவர்.

"சார், போன வாரம் வெர்புன்னா பின்னால அழுத்தச் சொன்னிய. இப்ப முன்னாலங்கிய. எத நம்ப?" என்றார்.

"அண்ணாச்சி, இது லண்டன் அகராதி."

அவர் உடனே நோட்டில் அடித்துத் திருத்திக்கொண்டார். எனக்கு அதில் பெருமை வேறு.

சில நாள் கழித்து, வீட்டில் என் மனைவி அந்த அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, மொதப் பக்கங்கள்ல என்னமோ வெளக்கம் போட்டிருக்கே, படிச்சியளா?"

"அகராதியில அதெல்லாம் யாரு படிப்பா?"

"கோட்டுக்கு அடுத்து வார அசையத்தான் அழுத்தணுமாம்."

பிடுங்கிப் பார்த்தேன். பழைய அகராதியில் கோடு அசைக்குப் பின்னால், இதில் முன்னால். அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டும் ஒன்றையேதான் சொல்லியிருக்கின்றன. அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அங்கிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

மறுநாள் வகுப்பில் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி நோட்டை மூடி வைத்தார்.

"திரும்பவும் பின்னாலயா? சார், தயவுசெஞ்சு அமெரிக்கா அகராதி ஒண்ணும் வாங்கிராதீய."

கழுகுமலையிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்த ஓர் இளைஞனுக்குத்தான் நிலைமை மோசம். அந்த வாரமே அவனுக்குத் தூத்துக்குடியில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு அசைகளையும் அழுத்திச் சொல்வதென முடிவுசெய்துவிட்டான். போய்விட்டு வந்தவனைச் சுற்றி எல்லோரும் கூடினோம்.

"எதுக்குக் கோவமா பேசுதீங்கன்னு கேட்டாவ சார்."

"நீ என்ன சொன்ன?"

"எனக்குக் கோவமே இல்லன்னு இங்கிலீஷ்ல சொன்னேன். அதையும் அழுத்தித்தான் சொன்னேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அவனோ பையிலிருந்து இனிப்புப் பொட்டலத்தை எடுத்தான்.

"வேல கெடச்சிட்டு சார். சரக்கு ஏத்துத எடத்துல மேற்பார்வை. அங்கன ஒரே எரைச்சலாம். ஒன் சத்தந்தான் எடுபடும்னு சொல்லிட்டாவ."

அண்ணாச்சி என் முதுகில் தட்டி, முதல் துண்டை என் கையில் வைத்தார். நானும் ஆசிரியர் மாதிரியே தலையாட்டிக்கொண்டு தின்றேன்.